போட்டு வா, துரை

உடையார்கட்டு,
14.09.1997, ஞாயிறு இரவு.

அன்புள்ள சுமித்திரா அக்காவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். அங்கே இருக்கிற பெரியப்பாவுக்கும் வேண்டாம். அவர் அடுத்த கிழமையே அம்மாவுக்கு எழுதிவிடுவார். வாசித்து முடிந்ததும் அடுப்பில் வைத்துவிடுங்கள். அம்மாவும் அப்பாவும் படுத்துவிட்டார்கள். நான் குசினி மூலையில் ஜாம் போத்தல் விளக்கின் திரியை இறக்கிவிட்டு, சமூகக்கல்விக் கொப்பியின் நடுத்தாளில் எழுதுகிறேன். நாளைக் காலை வீரம்மா மாமி கண் காட்ட வவுனியாவுக்குப் போகிறார், பாஸ் கிடைத்துவிட்டது. அங்கிருந்து தபாலில் போடுவார். பள்ளிக்கூட விஷயம் என்று அவரிடம் பொய் சொல்லிவைத்திருக்கிறேன்.

நாங்கள் சுகம். நெடுங்கேணியை விட்டு வந்து மூன்று மாதமாகிறது. இங்கே ஒரு கொட்டில் போட்டிருக்கிறோம். கூரை கிடுகு, சுவர் மண். கதவு மட்டும் எங்கள் பழைய வீட்டுக் கதவு. வெளிக்கிடும்போது அப்பா அதைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். துரை வாலால் அடித்து அடித்து வர்ணம் போன இடம் அப்படியே இருக்கிறது. அவன் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு வாலை ஆட்டினால் யாரோ தட்டுகிற மாதிரியே கேட்குமே, நீங்கள் எத்தனை தரம் ஏமாந்து போய்த் திறந்திருக்கிறீர்கள்! இப்போது நான் ஏமாறுவதில்லை. ஆள் தட்டினால் இரண்டு மூன்று தட்டுடன் நிறுத்தும். துரை நிறுத்தவே மாட்டான்.

அக்கா, துரை இப்போது எங்களிடம் இல்லை. வியாழக்கிழமை முள்ளியவளைக்குக் கொடுத்துவிட்டோம். பொறுங்கள், அழாதீர்கள், கடைசி வரைக்கும் வாசியுங்கள். எனக்கு இப்போது பயமாகவும் இருக்கிறது, துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. ஒழுங்காகச் சொல்கிறேன்.

நீங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வேலைக்குப் போனபோது அவனுக்கு ஒரு வயது. இப்போது பார்த்தால் நம்பமாட்டீர்கள். முன்னங்கால்களை அப்பாவின் தோளில் வைத்தால், அப்பாவின் தலைக்கு மேலால் தெருவைப் பார்க்கிறான். பாதை திறந்திருந்த மாதத்தில் அப்பா ஹற்றன் பங்களாவிலிருந்து கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டியா இது என்று எனக்கே சந்தேகம் வரும். கிரேட் டேன் என்று சாதியைச் சொன்னால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. பக்கத்து வளவுச் சின்னராசா அண்ணை, “பிள்ளை, இதுக்குச் சேணம் எங்கை?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். பெயர் வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? “முப்பது வருசம் தொர சொன்னத நான் கேட்டேன், இனிமே நான் சொல்றத தொர கேக்கட்டும்” என்று அப்பா சொல்ல, அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாரே!

அவனை நான் குறைவைக்காமல்தான் பார்த்தேன். சாப்பாட்டை மூன்று தரமாகப் பிரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டதும் ஓடவிட்டால் இந்தச் சாதிக்கு வயிறு உப்பிச் செத்துப்போகும் என்று பங்களாவில் நாய் பார்த்த காலத்திலேயே அப்பா கண்டிருக்கிறார். அதனால் சாப்பிட்ட பிறகு ஒரு மணித்தியாலம் அவனைப் படுக்கவைத்து, பக்கத்திலிருந்து பாடம் படிப்பேன். வெறுந்தரையில் படுத்து முழங்கை காய்ப்புப் பிடித்துவிட்டது. உரச் சாக்குக்குள் வைக்கோல் அடைத்து மெத்தை தைத்து, வேப்பெண்ணெயும் பூசினேன். கதவில் அடித்து வால் நுனி வெடித்து இரத்தம் வந்தபோது, தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டவர் அம்மாதான்.

இனிப் பழக்கின கதை. நீங்கள் வைத்த சட்டத்தை நான் மாற்றவில்லை. ‘இரு’ என்றால் எது நடந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். ‘வா’ என்றால் எது தடுத்தாலும் வரவேண்டும். ஆவணி மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் அவனை ‘இரு’ என்று சொல்லிவிட்டு நான் கட்டடத்துக்குப் பின்னால் ஒளித்தேன். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அவனைச் சுற்றிக் கத்தியது. ஓர் ஆடு மூக்குக்கு முன்னால் போனது. காது மட்டும் ஆடியதாம், உடம்பு அசையவில்லையாம். நான் மெதுவாக ‘வா’ என்றேன். அக்கா, மண் கிளம்ப ஓடிவந்தான் பாருங்கள்! பிள்ளைகள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். வந்து என்மேல் சாய்ந்தான். எப்போதும் போல இரண்டு பேருமே விழுந்தோம்.

பங்கருக்குள் இறக்கப் பழக்கியதுதான் பெரும் பாடு. இருட்டென்றால் அவனுக்குப் பயம். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இவ்வளவு சின்ன மனம்! கருவாட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு நான் பின்பக்கமாகத் தவழ்ந்து போக, ஏழாவது நாள் வந்தான். ‘உள்ளுக்கு’ என்பது அதற்கான சொல். பஸ் கொண்டக்டர் மாதிரிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு கிபிர் விமான இரைச்சல் கேட்டதும் அவன்தான் முதலில் இறங்குவான். இறங்கிக் குறுக்காலே படுத்துவிடுவான், எங்களுக்கு இடம் இருக்காது. ஒருநாள் அம்மா மேலே நின்று, “தொர அவுக, கொஞ்சம் தள்ளிப் படுத்தா நாங்களும் உசிர் பொழைப்போம்” என்று கெஞ்சியதில், விமானம் போனபிறகும் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது ‘ஒதுங்கு’ என்றாலும் விளங்கும்.

ஏன் கொடுத்தோம் என்றால், அது என் பிழை. நிவாரண அரிசி குறைந்துவிட்டது. அவனுக்கு இரண்டு ஆளின் சோறு வேண்டும். நான் என் கோப்பைச் சோற்றில் பாதியை ஒவ்வொரு நாளும் அவனுக்கு வைத்தேன், அம்மாவுக்குத் தெரியாது. போன திங்கள் காலைப் பிரார்த்தனையில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். ரீச்சர் வீட்டுக்குக் கூட்டிவந்து, “பிள்ளை சாப்பிடுறேல்லையோ?” என்று கேட்டதும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரவு அடுப்படியில் இருந்துகொண்டு, “பெத்தவ எனக்கு நாய் பெருசா புள்ள பெருசாடி? நீயே சொல்லு” என்றார்.

முள்ளியவளையில் முத்துலிங்கம் என்பவர் அரிசி மில் வைத்திருக்கிறார். காவலுக்கு ஒரு பெரிய நாய் தேடினாராம். மில்லில் குறுணலுக்குப் பஞ்சமில்லை, துரை வயிறு நிறையச் சாப்பிடுவான் என்று அம்மா யோசித்தார். அம்மாவில் பிழை சொல்லாதீர்கள். புதன் இரவு வீட்டிலிருந்த கருவாட்டுத் தலை முழுவதையும் அவனுக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அம்மா வெறும் தேத்தண்ணீர்தான் குடித்தார்.

வியாழக்கிழமை மில்லிலிருந்து பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. துரை பெட்டியில் ஏறமாட்டேன் என்று நின்றான். நான்தான் ‘உள்ளுக்கு’ என்று ஏற்றினேன். “இருன்னு சொல்லுடி, இல்லாட்டி குதிச்சிருவான்” என்று அம்மா சொல்ல, ‘இரு’ என்றும் சொன்னேன். அவன் இருந்தான். என்னையே பார்த்துக்கொண்டு இருந்தான். இயந்திரம் கிளம்பியது. நான் என்ன சொல்ல, அக்கா? வெளிக்கிடுகிறவரைப் பார்த்து ‘போ’ என்று எங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறோமா? போய்விட்டு வா என்றுதானே சொல்வோம். “போட்டு வா, துரை” என்றேன்.

‘வா’ என்ற சொல் கேட்டதுமே இரண்டு காதும் நிமிர்ந்தன. எழும்பிவிட்டான். சங்கிலிதான் அவனைப் பிடித்தது. கூட வந்த ஆள் இழுத்து இருத்தினார். அவனுக்கு ‘போட்டு’ தெரியாது. ‘வா’ மட்டும்தான் தெரியும்.

ஒருவருக்கும் காட்டவேண்டாம் என்றது இதற்காகத்தான். முதல் தரம் அது வழமையாக வாயில் வந்தது. சத்தியமாக வேறு நினைப்பு இல்லை. ஆனால் அவன் எழும்பியதைப் பார்த்தபிறகு, லான்ட்மாஸ்டர் முடக்கில் திரும்பும்போது, நான் தெருவுக்கு ஓடிப்போய் இன்னொரு தரம் கத்தினேன். “வா, துரை! போட்டு வா!” அது வழமை இல்லை, அக்கா. தெரிந்தே சொன்னேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அம்மா தலையைத் தடவி, “சரி சரி, வந்துருவான்” என்றார். அம்மாவும் வழமைக்குத்தான் சொன்னார்.

நேற்று அப்பா ஒட்டுசுட்டான் வயல் வேலையிலிருந்து சைக்கிளில் வரும்போது அவனைப் பார்க்கவென்று மில்லுக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை விடியவே துரை கட்டுக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு, சங்கிலியோடு ஓடிவிட்டானாம். அங்கே நின்ற அந்த ஒரு நாளும் ஒரு வாய் குறுணலும் தொடவில்லையாம். பதினாறு மைல் கட்டைத் தூரம். தெருவை விட்டால் இரண்டு பக்கமும் காடு. பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்திருப்பார்கள், கம்பியில் கால் பட்டால் முடிந்தது. அவன் நிறமும் மரைமானின் நிறம். மைம்மல் இருட்டில் மரை என்று நினைத்து யாராவது சுட்டால்? நான் ‘வா’ என்று சொன்னதால்தானே அவன் வெளிக்கிட்டான். அவனுக்கு ஏதாவது நடந்தால் அது நான் செய்தது.

ஆனால் இன்று மத்தியானம் கிணற்றடியில் சின்னராசா அண்ணை ஒரு கதை சொன்னார்! புதுக்குடியிருப்புச் சந்தியில் பாண் விற்கிறவர் காலையில் கண்டாராம். “கழுத்தில சங்கிலி போட்ட மரை ஒண்டு நடுத்தெருவால போகுது, வாலில சீலைத்துண்டும் கட்டியிருக்கு” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மரைக்கு ஆரப்பா சங்கிலி போட்டது என்று அண்ணை சிரித்தார். நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். வாலில் சீலைத்துண்டு! அம்மாவின் சேலை! புதுக்குடியிருப்பு இங்கிருந்து ஐந்து கட்டைதான்! சரியான தெருவில்தான் வருகிறான்!

பின்னேரம் மூன்று தரம் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பாவும் ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு இரண்டு தரம் போனார். அம்மா போகவில்லை. ஆனால் இரவு அரிசி போடும்போது சுண்டு ஒன்று கூடப் போட்டதை நான் கண்டேன். கேட்டதற்கு, “கை தவறிருச்சு” என்றார்.

வந்தாலும் பயம்தான். மில்லிலிருந்து ஆள் வரும், திரும்பக் கேட்கும். அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் எழுதினால் அம்மா கேட்பார். துரையை வைத்திருக்கச் சொல்லி எழுதுங்கள். என் சோற்றை இனிக் கொடுக்கமாட்டேன், சத்தியம். அவன் உழைத்துச் சாப்பிடுவான். பழைய டயரில் விறகுக் கட்டைக் கட்டி இழுக்க ஏற்கெனவே பழக்கியிருக்கிறேன், ஒரு சொட்டும் களைக்கமாட்டான். இரண்டு சைக்கிள் சில்லு கிடைத்தால் அப்பா வண்டில் செய்து தருவார். இந்த ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்குக் குடிதண்ணீர் அரை கட்டைக்கு அப்பாலிருந்து வரவேண்டும். துரை இழுத்துக் கொடுத்தால், வீட்டுக்கு ஒரு பிடி குறுணல் தரமாட்டார்களா? படம்கூடக் கீறி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் உங்கள் யோசனை மாதிரி எழுதுங்கள். நான் சொன்னதாகத் தெரியக்கூடாது.

இன்னொன்று. சொல்லலாமோ தெரியவில்லை. போன வருடம் மாசியில் நீங்கள் பஸ் ஏறும்போது உங்களுக்கும் நான் “போட்டு வாங்கோ” என்றுதான் சொன்னேன். ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். நீங்களும் அதை வழமை என்று நினைத்துவிட்டீர்களோ? பாதை இல்லை, பாஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். என்றாலும் இப்போது இரண்டாம் தரம் எழுதுகிறேன், அக்கா. வாங்கோ. எப்போது முடியுமோ அப்போது வா

கதவு தட்டுகிறது. அம்மா உள்ளே எழும்பிவிட்டார், ஆரது ஆரது என்கிறார். விளக்கை அணைக்கவேண்டும். மில் ஆட்களோ? இந்த நேரத்திலா? அப்பாவும் எழும்பிவிட்டார். இன்னும் தட்டுகிறது. அக்கா, நிறுத்தவில்லை. நிறுத்தவே இல்லை