புத்தகத்தில் உங்கள் பேர்

கல்முனைக்குடி
08.02.2025

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் உங்கள் அறைக் கூட்டாளிகள் ஆறு பேரும் சிரிப்பது கேட்டது. அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன், தனியாக இருந்து வாசியுங்கள்.

எனக்கு ஒரு கார் மனசுக்குப் பிடித்துவிட்டது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, தரையோடு பதிந்த யப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வயசு என்னைவிட நாலைந்துதான் குறைவு. மட்டக்களப்பில் நிரோசன் என்ற ஒருவர் கனடா போவதற்காக விற்கிறார். புதுசு நமக்கு எட்டாது. இந்தக் கிழவி என் டியூசன் காசுக்கும் காப்புச் சோடிக்கும் எட்டுவாள். காப்பை விற்கப் போகிறேன், கோபிக்காதீர்கள். ஊரார் கல்யாணங்களுக்குப் போட்டுக்கொண்டு போனதைத் தவிர அதனால் நான் கண்ட சந்தோசம் ஒன்றுமில்லை.

ஊர் வாய்க்குத்தான் பயம். "கணக்கு டீச்சருக்கு ரேஸ் கார் கேக்குதாம்" என்று சந்தை வரைக்கும் கதைப்பார்கள். அதற்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். வாகனப் பதிவுப் புத்தகத்தை உங்கள் பேரில் எழுதுவோம், நீங்கள் வாங்கித் தந்தது என்றே சொல்வோம். புருசனுடைய காரைப் பொஞ்சாதி ஓட்டினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் பதிலுக்குக் கண் பூத்துக் காத்திருக்கும்,
முஸ்பிறா

*

தோஹா
14.02.2025

என் முஸ்பிறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் குளியலறையில் இருந்துதான் வாசித்தேன். வெளியே ஒருவன் கதவை இடித்துக்கொண்டு நின்றான், நான் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாங்கு புள்ள. ஆசைப்பட்டதை வாங்காமல் என்ன உழைப்பு? என் பேரில் எழுதுவது நல்ல யோசனை, நானே சொல்ல இருந்தேன். புத்தகத்தில்தான் என் பேர், கார் உன்னுடையது. தேவையான கடதாசிகளை எனக்கு அனுப்பு, கையெழுத்து வைத்துத் தருகிறேன். நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்.

தங்கச்சி பஸ்மினாவின் கல்யாணம் பெருநாள் கழித்து என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை ஷிப்லி நல்ல பிள்ளையாம். உம்மாவுக்குத்தான் யோசனை கூடிப்போச்சு. இடைக்கிடை போய் எட்டிப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
றினாஸ்

*

கல்முனைக்குடி
27.02.2025

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வந்துவிட்டாள்! நம் வாசலில் நிற்கிறாள்.

வீரமுனை மெக்கானிக் தம்பிமுத்து அண்ணனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாக இருந்தது. பழைய காரை ஆறின நிலையில் ஸ்டார்ட் பண்ணித்தான் பார்க்க வேணும் என்று யூடியூப்பில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "ஆறும் வரைக்கும் இருக்கம் தம்பி" என்று சொல்லி அவர்கள் முற்றத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். நிரோசனின் முகத்தைப் பார்க்க வேணுமே. காருக்குள் விரித்திருந்த கார்ப்பட்டைக் கிளப்பித் துருவும் பார்த்தேன். ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தது, அதைக் காட்டியே விலையைக் குறைத்தேன்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டுச் சம்மாந்துறைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். அறுவடை முடிந்த வயல். றோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். நாலாம் கியரில் அவள் உறுமினாள் மச்சான், நான் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மாமி வந்து பார்த்தா. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, "இது எங்கட மகன்ட கார்" என்றா. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். நான்தானே அப்படிச் சொல்லிவைத்தேன்.

சந்தோசத்தில் தூக்கம் கெட்ட,
உங்கள் முஸ்பிறா

*

தோஹா
20.04.2025

முஸ்பிறாவுக்கு,

ஸலாம். வேலை கூட, அதனால்தான் எழுதவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையை உன் காரில் அழைத்து வந்தால் உம்மா சந்தோசப்படுவா. தம்பி றிப்தி வருவான், காரின் திறப்பையும் புத்தகத்தையும் கொடுத்துவிடு. வழியில் பொலிஸ் மறித்தால் காட்ட வேணும். அவன் கவனமாக ஓட்டுவான்.

றினாஸ்

*

கல்முனைக்குடி
11.05.2025

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நிகாஹ் நல்லபடி முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மாமி ஒரு வெள்ளித் தட்டைக் கொண்டுவந்தா. பூவுக்கு நடுவில் என் கார்த் திறப்பு. "மகன் தங்கச்சிக்குக் குடுத்த சீதனம்" என்று ஷிப்லியின் கையில் வைத்தா. பெண்ணுக்கு மஹர் கொடுத்துக் கல்யாணம் முடிக்க வந்தவர் சிரித்துக்கொண்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். பெண்கள் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து, "என்ன மனம்டி ஒன்ட புருசனுக்கு" என்றார்கள். நானும் சிரித்தேன். சபையில் வேறு என்ன செய்வது?

அடுத்த நாள் றிப்தியிடம் கேட்டேன். "றினாஸ் காக்கா எப்பவோ பேர் மாத்துற கடதாசியில சைன் வெச்சு அனுப்பிட்டாரே மதினி, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

மச்சான், அந்தக் கையெழுத்து உங்களுடையது இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். மாமி ஏமாற்றினா, தம்பி ஏமாற்றினான் என்று சொல்லுங்கள். நான் நம்புவேன். நம்புவதற்குத்தான் காத்திருக்கிறேன்.

முஸ்பிறா

*

தோஹா
17.05.2025

முஸ்பிறாவுக்கு,

ஸலாம். கையெழுத்து என்னுடையதுதான்.

எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. மாப்பிள்ளை வீட்டார் வாகனம் கேட்டார்கள். ஜனவரியிலேயே உம்மா ஓம் என்று சொல்லிவிட்டா. எங்கே போய் வாங்குவது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. அல்லாஹ் காட்டிய வழி என்றே நினைத்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வாங்கியே இருக்க மாட்டாய்.

ஊரெல்லாம் அது என் கார் என்று நீதானே சொன்னாய்? என் பேரில் இருந்ததை நான் கொடுத்தேன். இதில் களவு எங்கே இருக்கிறது? யாரிடம் வேணுமென்றாலும் கேட்டுப் பார், பேர் யாருடையதோ பொருள் அவருடையது. பெரிதுபடுத்தாதே. டிசம்பர் லீவில் வரும்போது பொம்பளைகளுக்குத் தோதான சின்ன ஓட்டோமெட்டிக் கியர் கார் ஒன்று வாங்கித் தருகிறேன்.

றினாஸ்

*

கல்முனைக்குடி
30.05.2025

றினாஸுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் பெப்ரவரிக் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். குளியலறையில் இருந்து சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது. கார் போனதைத் தாங்கிக்கொள்வேன். "வாங்கு புள்ள" என்றீர்களே, அந்தச் சொல்லுக்குத்தான் என் நெஞ்சு ஆறவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் காப்பைக் கழற்றி பஸ்மினாவின் கையிலேயே போட்டிருப்பேன்.

பேர் யாருடையதோ பொருள் அவருடையது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடமும் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டேன். உங்கள் உடுப்புகள், சப்பாத்துகள், ஷேவிங் சாமான்கள் எல்லாவற்றையும் மூன்று பெட்டிகளில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மாமியிடம் கொடுத்தேன். "என்ன மனே இது?" என்றா. "மச்சான் டிசம்பர்ல வந்தா இஞ்சதான் மாமி இறங்குவார்" என்றேன். மாமி திரும்பி பஸ்மினாவைப் பார்த்தா. பஸ்மினா ஷிப்லியைப் பார்த்தாள். அந்த வீடும் சீதனமாக இப்போது பஸ்மினாவின் பேரில்தானே. நான் திரும்பி வரும் வரைக்கும் பெட்டிகள் வாசலிலேயே கிடந்தன.

என் வாப்பா கட்டிய இந்த வீடு என் பேரில் இருக்கிறது. கார் ஷிப்லியின் பேரில். எங்கே இறங்குவது என்று டிசம்பருக்கு முன் யோசித்து வையுங்கள்.

முஸ்பிறா