பழைய இரும்புக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்

மச்சான்,

களமசேரிக்குத் தங்கச்சி குழந்தையைப் பார்க்கப் போகிறேன். மத்தியானம் பழைய இரும்புக்காரர் வந்தால் உங்கள் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிடாதீர்கள். அது ஓடுகிறது.

நேற்று நீங்கள் அதற்குப் பிஸ்டன் மாட்டியபோது நான்தான் பெரிய மெக்கானிக் மாதிரி, "ஜாவா வண்டி எஞ்சினுக்குள்ள யெஸ்டி வண்டி பிஸ்டனா? வேற வீட்டுப் பொண்ணைக் கொண்டாந்து வச்சா அது குடும்பம் நடத்துமா?" என்று கேட்டேன். நானும் வேறு வீட்டிலிருந்து வந்தவள்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. நீங்கள் உடனே வண்டியை எடுத்துப்போக இரும்புக்காரருக்குச் சொல்லிவிட்டீர்கள். காலையில் சாயாகூடக் குடிக்காமல் கிடங்குக்குப் போய்விட்டீர்கள்.

அந்தக் கோபத்தில் வண்டியை ஓங்கி உதைத்தேன். உதை கிக்கரில் விழுந்தது. இத்தனை மாதம் உங்களுக்கு இருமிக்கூடக் காட்டாத வண்டி, கத்த ஆரம்பித்துவிட்டது! முற்றமெல்லாம் புகை. அடுப்பை அணைக்கிற மாதிரி வாளித் தண்ணீரோடு நின்றேன். பக்கத்து வீட்டு பஷீர் ஓடி வந்து, "இத்தா, தண்ணி ஊத்தாதே! சாவியைத் திருப்பு!" என்று கத்தினான். நான் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுச் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கப்பைக் கிழங்கும் மீன்கறியும் மூடி வைத்திருக்கிறேன். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

பத்ருன்னிசா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். சேற்றில் வண்டி ஓட்டும் பந்தயத்துக்காகப் பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டீர்களே, அதை மாட்டி வையுங்கள். நாளைக்கு என்னைக் கூட்டிப்போக பஸ்ஸில் வர வேண்டாம்.