காஃபீன் எடுத்த காபி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் பாப்பாவின் சளியும் எப்படி இருக்கின்றன? வெந்நீர் வைத்துக் கொடுக்கிறீர்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. காஃபீன் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க எங்கள் பேக்கிங் கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். ஆளுக்கு ஒரு கப் காபி கொடுத்து, நாடி பிடித்து, நாங்கள் பெட்டி ஒட்டும் வேகத்தையும் கவனித்தார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பெட்டி ஒட்டுவதில் எல்லாரையும் முந்திவிட்டேன்.

கடைசியில் டாக்டரம்மா சிரித்தார். "உங்களுக்குக் குடுத்தது காஃபீன் எடுத்த காபிம்மா."

படபடப்பு எதனால் என்று நான் சொல்லவில்லை. பாப்பா உங்கள் அக்காவை 'அம்மா' என்று கூப்பிடுவதாக அன்று காலைதான் நீங்கள் போனில் சொல்லியிருந்தீர்கள்.

சூப்பர்வைசருக்கு டாக்டரம்மா சொன்னது போதாதா? "காஃபீன் இல்லாமலே இந்தம்மா இப்படி ஓடுது, அப்புறம் எதுக்குக் காபி?" என்று மறுநாளே காபி மெஷினைத் தூக்கிவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கரித்துக் கொட்டுகிறார்கள்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. கொஞ்சம் காபித் தூள் அனுப்புங்கள். பொட்டலத்தைப் பாப்பா கையால் கட்டச் சொல்லுங்கள். 'அம்மாவுக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.