சிட்டுவின் காது மிஷின்

ஜூன் 9

என் மகனுக்கு,

பட்டறைக்குத் திரும்பியிருப்பாய். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் கன்னத்து வீக்கம் இன்னும் வற்றவில்லை. உன் மோதிரம் பட்ட இடம் கன்றிப் போயிருக்கிறது.

மிக்ஸி ஓடுகிறது, டிவி அலறுகிறது, நீ முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறாய். சிட்டு திரும்பவில்லை. "திமிராடி?" என்று அறைந்தாய். தலை சுவரில் மோதியது. அதோடு விட்டாயா? காது மிஷினைத் தரையில் போட்டுச் சுத்தியலால் நசுக்கினாய். அது பள்ளிக்கூடம் இரவல் கொடுத்தது.

டாக்டர் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன். காதில் கோளாறு இல்லை. நாலு சத்தம் சேர்ந்து வந்தால் எதைப் பிடிப்பது என்று மூளை தடுமாறுகிறது. கவனமும் நழுவிவிடும். டீச்சர் மைக்கில் பேசினால் அந்தக் குரல் மட்டும் மிஷின் வழியாக இவள் காதுக்குப் போகும். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே புரிகிறது. இரும்படிக்கிற சத்தத்தில் நீங்கள் எல்லோரும் கையால்தானே பேசிக்கொள்கிறீர்கள்? அங்கே யாராவது உன்னைத் திமிர் பிடித்தவன் என்றார்களா?

மிஷின் உடைந்ததைச் சொல்லப் பள்ளிக்கூடம் போனோம். "என்னம்மா ஆச்சு பாப்பாவுக்கு?" என்று டீச்சர் கேட்டார். "விழுந்துட்டேன்" என்றாள் பிள்ளை. "விழலை டீச்சர், அவ அப்பன் அடிச்சான்" என்றேன் நான். தலைமையாசிரியர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தே சொன்னேன்.

அம்மா


ஜூன் 16

அம்மாவுக்கு,

பள்ளிக்கூடம் முழுக்க என் மானத்தை வாங்கிவிட்டாய். சந்தோஷமா?

காது கேட்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்புறம் என்ன வியாதி? தாயில்லாப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்தே கெடுத்தாய். அடியாத மாடு படியாது. அப்பா பெல்ட்டால் அடித்துத்தான் என்னை வளர்த்தார். உருப்படாமலா போனேன்?

ஹாஸ்டல் பார்த்திருக்கிறேன். பிரம்பு பேசுகிற இடம். வெள்ளிக்கிழமை வருகிறேன், அவள் துணியை மடித்து வை. குறுக்கே வந்தால் தாய் என்றும் பார்க்க மாட்டேன்.

உன் மகன்


ஜூன் 27

மகனே,

கைக்கட்டுப் பிரிக்க நாளாகும் என்று கேள்விப்பட்டேன்.

தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தாய். பிள்ளையைத் தலைமயிரைப் பிடித்து வாசல்வரை இழுத்தாய். "விடுடா, விடுடா" என்று கெஞ்சினேன். என்னைத் தள்ளினாய், உதடு கிழிந்தது. கைக்கு அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. உன் மணிக்கட்டிலேயே போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

உருப்படாமலா போனேன் என்று கேட்டாயே. ஆமாம், உருப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் வேறு மிஷின் தந்திருக்கிறார்கள். முதல் பெஞ்சில் இடம். டீச்சர் மேஜையைத் தட்டி இவள் முகத்தைப் பார்த்த பிறகே பேசுகிறார், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறார். நேற்று எழுந்து நின்று பாட்டைக் கடைசிவரை சொன்னாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போன பால்காரரைக்கூட நிறுத்திச் சொன்னேன்.

உன்னை வரச்சொல்லி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பெற்ற வயிறு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றவள், "அப்பா கை சரியாயிடுமா பாட்டி?" என்றாள்.

"ஆயிடும்டி கண்ணு" என்றேன்.

எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டிய பிள்ளை. இதை ஒரே தரத்தில் கேட்டுக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். இன்னும் வெளியே வரவில்லை.

வராதே.

சிட்டுவின் பாட்டி