உன் மகளிடம் பேசும் குரல்

அன்புள்ள என் தம்பி,

நாளைக்கு உன் மகளிடம் நான் எந்தக் குரலில் பேசவேண்டும்? இறந்துபோனவர்கள் பதில் சொல்வார்கள் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை, இப்போதும் நம்பவில்லை. ஆனாலும் இதைக் கேட்பதற்கு உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் கிடையாது.

நாளை மதியம் இங்கிலாந்திலிருந்து வரும் கப்பலில் ஏவாவும் மார்த்தாவும் இங்கே டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் இறங்குகிறார்கள். உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு என்று ஏவா சொன்னாள். உன் மனைவியை நான் நேரில் காண்பது இதுதான் முதல் தடவை. உன் மகளையும்தான். ஒன்பது வயதுப் பிள்ளை. படங்களில் அவளுடைய காதுகள் உன்னுடையவை.

நீ போய் ஓராண்டு கடந்துவிட்டது. பிராட்ஃபோர்டில் உன்னை அடக்கம் செய்த அன்று நான் இங்கே மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்தேன். என் பயணப் பத்திரம் வந்து சேரவில்லை. பக்கத்தில் நின்ற ராணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இண்டைக்கெண்டாலும் வீட்டை போங்கோவன்" என்றாள்.

"வீட்டை போய் என்ன செய்யிறது?"

"அழலாமெல்லே."

"இஞ்சையே முகம் நனைஞ்சுதானே கிடக்கு" என்றேன். அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

நீ கப்பல் கட்டும் படிப்புக்காகப் போலந்துக்குப் போனதும், ஏவாவைக் கட்டியதும், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்ததும் எனக்குக் கடிதங்களாகத்தான் தெரியும். பிராட்ஃபோர்டைப் பற்றி நீ எழுதியவற்றை வாசித்து நான் தனியே சிரித்திருக்கிறேன். உலகப் போருக்கு வந்து ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்ட போலந்துச் சிப்பாய்கள். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் அவர்களுடைய மன்றம், அங்கே சீட்டாட்டம், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் போலிஷ் வகுப்பு. அதே கட்டடத்தில் போலந்துப் பெண்களைக் கட்டிய ஆங்கிலேயருக்கு ஒரு வகுப்பு. அதற்கு வாத்தியார் நீ. மாமியாருக்கு முன்னால் வாய் திறக்கப் பயந்த யோர்க்ஷயர் மாப்பிள்ளைகளுக்கு மன்னாரில் பிறந்தவன் போலிஷ் படிப்பிக்கிறான் என்று எழுதினாய். "கிழவர்மாரின்ரை போலிஷ் போருக்கு முந்தினது அக்கா, என்ரை புதுசு. ஆனால் வாய் மட்டும் ஊர் வாய் எண்டு அவையள் பகிடி பண்ணுகினம்."

மகளுக்குத் தமிழ் எப்போது என்று நான் கேட்டு எழுதினேன். "கிழமைக்கு ஒரு சனிக்கிழமைதானே அக்கா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு நான் பதில் எழுதவும் இல்லை. வீட்டில் உங்கள் மூவருக்கும் போலிஷ்தான் மொழி. அது ஏவாவின் மொழி, நீயும் பதினைந்து வருடம் பேசிய மொழி. அவளுக்கு விட்டுக்கொடுத்தாயா, அல்லது உனக்கே அது சுகமாக இருந்ததா?

நீ போன பிறகு ஏவா தொலைபேசியில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி சொன்னாள். மார்த்தா பள்ளியில் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் உன்னைப் பற்றி மட்டும் ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லையாம். ஏன் என்று ஆசிரியை கேட்டதற்கு, "அப்பா இங்கிலிஷிலை கதைக்கிறேல்லை" என்றாளாம். நம்மைப் பற்றி, நம் வீட்டைப் பற்றி, என்னைப் பற்றி நீ அவளுக்குச் சொன்னதெல்லாம் போலிஷில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் அவள் "ஓம் ஆன்ரி, இல்லை ஆன்ரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். எனக்கு மிஞ்சியிருக்கிற இரத்த உறவு அவள் ஒருத்திதான். அவளை நான் இரண்டு சொற்களுக்கு மேல் அறியாமலே போய்விடுவேனோ என்று பயந்தேன்.

அதனால் இங்குள்ள மாலைப் பள்ளியில் போலிஷ் வகுப்பில் சேர்ந்தேன். ராணி வேலைத்தலம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "டேனிஷ்காரன்ரை மொழியே எங்கடை வாயிலை நுழையேல்லை. அக்காவுக்குப் போலிஷ் கேக்குது!" முதல் நாள் கதவைத் திறந்ததும் ஆசிரியை ஹலீனா என்னைப் பார்த்து, "டேனிஷ் வகுப்பு மேல்மாடியிலை" என்றாள். "தெரியும், அது எனக்குச் செவ்வாய்க்கிழமை" என்றேன்.

ஹலீனா நல்ல ஆசிரியை. போலந்துக்காரி, டேனிஷ்காரனைக் கட்டி இருபது வருடமாக இங்கே இருக்கிறாள். என் பிழையை இரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மெய்யில் முடிகிற எந்தச் சொல்லுக்கும் நான் ஒரு சின்ன 'உ' போட்டுத்தான் முடிக்கிறேனாம். மழைக்கு அவர்கள் 'தெஷ்ச்' என்பார்கள். நான் 'தெஷ்ச்சு' என்பேன். "நீங்கள் சொல்லுக்கு வால் வைக்கிறியள். வாலை வெட்டுங்கோ" என்று ஒவ்வொரு கிழமையும் கத்தரிக்கோல் போல விரலைக் காட்டுவாள்.

நாலைந்து கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணிந்து மார்த்தாவிடம் போலிஷில் பேசினேன். வணக்கம் மார்த்தா, இங்கே மழை பெய்கிறது. அவ்வளவுதான். மறுபக்கம் தொலைபேசி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏவா வந்தாள்.

"பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"மழை பெய்யுது எண்டு சொன்னன்."

"எனக்கும் சொல்லுங்கோ, எப்பிடிச் சொன்னனீங்கள்?"

சொன்னேன். 'தெஷ்ச்சு' என்று வாலோடுதான் வந்தது. "அப்பிடியே அவர் மாதிரி" என்றாள். பிறகு அழுதாள். உன் சவ அடக்கத்தை எனக்கு விவரித்தபோதும் அழாத பெண் அவள்.

அடுத்த ஞாயிறு மார்த்தாவே தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். பாண் என்று போலிஷில் சொல்லச் சொன்னாள். வீடு என்று சொல்லச் சொன்னாள். "மார்த்தா, போய்ப் படு" என்று சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். பிறகு தாயிடம் கொடுத்துவிடுவாள். நான் எப்படி இருக்கிறேன், என்ன வேலை செய்கிறேன், ஒன்றும் கேட்டதில்லை. பல மாதம் இப்படித்தான் போனது.

இனிச் சொல்லப்போவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பிறகு என் வாய் திருந்திவிட்டது. வால் விழுந்துவிட்டது. ஹலீனா வகுப்பில் கைதட்டினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த வாலை எடுத்து மறுபடி ஒட்டிக்கொண்டேன், வேண்டுமென்றே.

சின்ன வயதில் பக்கத்துக் கோயிலில் உரு வந்து ஆடிய மனிதரை நீயும் நானும் வேலியோரம் நின்று பார்த்தோமே, உனக்கு ஞாபகம் இருக்குமா? செத்துப்போன தகப்பனின் குரலில் அவர் பேசுகிறார் என்று ஒரு பெண் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ சிரித்தாய். நான் உன்னைக் கிள்ளிவிட்டு, அது நடிப்பு என்று காதுக்குள் விளக்கம் சொன்னேன். இப்போது ஐம்பது வயது எட்டும் நேரத்தில், பல்கலைக்கழகம் வரை படித்துவிட்டு, ஒரு பிள்ளைக்கு முன்னால் அதே ஆட்டத்தை நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதராவது தன்னை நம்பியிருப்பார்.

நாளை கப்பலடியில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன் குரலைக் கேட்பாள். கொடுத்தால் அவளுக்கு நீ இருப்பாய், நான் இல்லை. கொடுக்காவிட்டால் உன்னை அவளிடமிருந்து இன்னொரு தடவை பறித்தவள் ஆவேன். பிறகு எனக்கு முகம் தருவாளா? ஏவாவிடம் கேட்டேன். "எனக்கும் தெரியேல்லை. எனக்கும் அதைக் கேக்க ஆசையாத்தான் இருக்கு" என்றாள்.

நீயென்றால் என்ன செய்வாய், தம்பி?

மேலே உள்ளதை எழுதிய மறுநாள் நடந்தது இது.

கப்பல் பிந்தித்தான் வந்தது. மார்த்தா கடல் ஒத்துக்கொள்ளாமல் வெளிறிப்போய் இறங்கினாள். நான் கோழைத்தனமாக ஆங்கிலத்தில் வரவேற்றேன். "ஹலோ ஆன்ரி" என்று கை தந்தாள். பஸ் தரிப்பிடத்தில் சாரலும் காற்றும். கண்ணாடித் தடுப்புக்குள் மூவரும் ஒடுங்கி நின்றோம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கோ" என்றாள் போலிஷில்.

"என்ன சொல்ல?"

"மழை."

ஏவா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பிள்ளையின் கண் என் வாயைப் பார்த்தபடி இருந்ததால் என்னால் நடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். தெஷ்ச் என்றேன்.

"அப்பிடியில்லை."

மறுபடியும் அதையே சொன்னேன்.

"உங்களுக்குச் சரியாய் வருது" என்றாள். "அப்பாவுக்கு ஒருநாளும் வரேல்லை. நான் எத்தினை தரம் சொல்லிக் குடுத்தன்." சற்றுப் பொறுத்து, "அப்ப ஏன் ஃபோனிலை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீ கேட்டாய் எண்டு."

அவள் தாயின் பின்னால் போய் நின்றுகொண்டாள். பஸ்ஸில் அவளுடைய தோள் குலுங்கியதைப் பார்த்தேன். ஏவா அவளை அணைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில், சூப்பைக் கிளறிக்கொண்டே, போலிஷில் கேட்டாள்:

"நீங்கள் அப்பாவிலும் மூத்தவவா?"

"ஓம். ஏழு வயசு மூப்பு."

"அப்பா பேபியா இருக்கேக்கை ஆர் அவருக்குக் கதைக்கப் பழக்கினது?"

"நான்தான். எங்கடை அம்மா வருத்தமாய்க் கிடந்தவ. அவர் எப்பவும் இஞ்சைதான்." இடுப்புக்குப் போலிஷில் சொல் தெரியாமல் கையால் தட்டிக் காட்டினேன்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் அப்பா மாதிரிக் கதைக்கேல்லை" என்றாள். "அப்பாதான் உங்களை மாதிரிக் கதைச்சவர்."

ஏவா கரண்டியை வைத்துவிட்டாள். நான் பாண் வெட்டுகிற சாட்டில் எழுந்து குசினிக்குப் போனேன்.

தம்பி, இனி உன் குரலை நான் எடுக்க மாட்டேன். அவள் கேட்பதற்கெல்லாம் என் வாய்க்கு வந்த போலிஷில் பதில் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் கப்பலடியில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
மார்த்தாவின் மாமி