ஆணி இருந்த ஓட்டை

அன்பு மகனே,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரம்மா இதை எழுதுகிறாள்.

மில்லிலிருந்து கொண்டுவந்த இயந்திர வாரை நான் மாட்டிவைத்த ஆணி உனக்கு மறந்திருக்காது. அந்த வார் உன் முதுகில் விழுந்த நாளெல்லாம் எனக்குக் கிழமையோடு நினைவிருக்கிறது. நீ போனபின் வாரை எரித்தேன், ஆணியையும் பிடுங்கினேன். ஆனாலும் கோபம் வந்தால் என் விரல் தானாகப் போய்ச் சுவரின் அந்த ஓட்டைக்குள் நுழையும். அடுத்த அடி உன் அம்மாமேல்தான் விழும். இனி அடிக்கமாட்டேன் என்று நான் செய்த சத்தியமெல்லாம் குடிகாரன் பேச்சுதான், விடிந்தால் போச்சு.

நேற்றுக் காலை நான் சத்தியம் செய்யவில்லை. "இயேசப்பா, என்னால முடியல. நீங்களே பிடிச்சுக்குங்க" என்றேன்.

மத்தியானம் அம்மா மருந்தைக் கொட்டிவிட்டாள். கையை ஓங்கினேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். வீட்டில் வேறு ஆளில்லை. பிடியை விலக்கப் போன என் மறுகை விரல், என்னைப் பிடித்த உள்ளங்கையின் நடுவில் இருந்த ஒரு குழிக்குள் நுழைந்தது. ஆணி போன குழி எப்படியிருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும்.

என் மணிக்கட்டில் அந்த விரல்தடம் இன்னும் மறையவில்லை. தையல்காரம்மா நாடா வைத்து அளந்தாள். அம்மாவின் கை அளவுமில்லை, என் கை அளவுமில்லை.

"இதையுமா எழுதணும் பெரியவரே?"

"எழுதும்மா. கிழவனுக்குக் கிறுக்குன்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்."

அம்மாவை அழைத்துப்போக வருவதாகச் சொன்னாயே, வா. இனி நான் வாசலை மறிக்கமாட்டேன்.

பிடியிலிருக்கும்
உன் அப்பா