தங்கைக் கப்பலின் அளவு

கண்டாச்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கலைமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் உன் தங்கச்சி இளவரசிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மழையில் கொல்லையிலிருந்த மல்லாட்டைக் காய் பாதி முளைத்துப் போச்சு, அப்பாவுக்கு அதே பேச்சுதான். நீ போனில் சொன்னதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் என்றால் ரெண்டு பேரும் அழுதே முடித்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பூவரசன் கருமாதிக்கு ஓமந்தூர் போனேன். உன் கப்பல் யார்டில் பைப் வேலைக்கு அவனைச் சேர்த்துவிடச் சொன்னதே நான்தானே, போகாமல் இருக்க முடியுமா. குடித்துவிட்டு வேறு பைப்பை வெட்டிவிட்டானாம் என்று பந்தியிலேயே பேசுகிறார்கள். அவன் கவனக்குறைவு என்று கம்பெனியும் எழுதி அனுப்பியிருக்கிறது. அவன் குடிக்கவே மாட்டான் என்று அவன் பொண்டாட்டி கவிதா ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமல், இலையில் போட்டதைத் தின்றுவிட்டு எழுந்து வந்தேன். த்தூ, என்ன ஜென்மம் நான்.

லேசர் மெஷினை நட்டு வைத்துக் கப்பல் என்ஜின் ரூமை நூல் பிசகாமல் அளக்கிறேன் என்று எவ்வளவு பெருமையாகச் சொல்வாய். பாய்லருக்குப் பின்னால் ஒளி போகாத இடம் கம்ப்யூட்டரில் கறுப்பாகத்தானே இருந்தது? கறுப்பாகவே விட்டிருக்கக் கூடாதா? இதே மாதிரி கட்டின தங்கைக் கப்பல் ஒன்று இருக்கிறது, ரெண்டும் ஒரே அச்சு என்று அதன் படத்திலிருந்து எடுத்து ஒட்டினாயே. நானும் இருபது வருஷமாய்த் தையல் மெஷின் மிதிக்கிறேன், இளவரசி அளவில் உனக்கு ரவிக்கை தைத்தால் கை நுழையுமா? நீ போட்ட படத்தில் இருந்த பைப்பையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்கினான். படத்தில் இல்லாத நீராவிப் பைப்பை யார் அடைப்பார்கள்? அதை வெட்டி ஆவியில் வெந்து போனவன் முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லை கலை.

புறப்படும்போது கவிதா அவன் கடைசியாக அனுப்பிய வாய்ஸைப் போட்டுக் காட்டினாள். "நம்ம கலைமதி போட்ட படம்டி, கண்ண மூடிக்கினு வெட்டலாம்" என்று சிரிக்கிறான். வேறு யார் போட்டிருந்தாலும் ஒரு தடவை சுற்றிப் பார்த்திருப்பான். நான் சந்தோஷப்படுவேன் என்றுதான் அவள் போட்டுக் காட்டினாள்.

வேலை போகும், கேஸ் வரும், தெரியாமல் சொல்லவில்லை. உனக்காக நான் ராத்திரியெல்லாம் பயந்து சாகிறேன். ஆனால் செத்தவன் குடிகாரனாகவே இருக்கட்டும் என்று என்னால் விட முடியவில்லை. கம்பெனிக்கு நடந்ததை எழுதிக் கொடு. அதற்கு முன்னால் கவிதாவிடம் உன் வாயாலேயே சொல். நம்பர் கவர் பின்னால் இருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு அவள் கோயில் படி ஏறக் கூடாதாம். அலைந்து திரிந்து உடம்பை ஊர் சேர்த்தவள் நீ என்று, பௌர்ணமிக்குத் திருவக்கரை அம்மன் கோயிலில் உன் பேருக்கு விளக்குப் போடச் சொல்லி என் கையில் எண்ணெய் கொடுத்தனுப்பினாள். பாட்டில் தையல் மெஷின் மேல் அப்படியே இருக்கிறது. நீ சொன்ன பிறகு, அதை என்ன செய்வது என்று அவளையே கேட்கிறேன்.

திடமாக இரு. அம்மன் உன் பக்கம் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
வீரம்மாள்